உச்சியில் மூணடி

பயந்துராதீங்க. அது விரல்தான். நிஜ விரல் இல்லை, பிளாஸ்டர். துண்டை இன்னும் இறுக்கிச் சுத்தியிருக்கணும், பஸ் தூக்கிப் போட்டதுல அவுந்துருச்சு. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. மூணு வில்லை. பிஸ்கட் அடுக்கற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா முதல் கணு வரைக்கும் ஒரு சுட்டு விரல் வந்துரும். நகம்கூடத் தெரியும் பாருங்க. என் நகம்தான்.

நீங்க எது வரைக்கும்? பழனியா? சரி. நான் உடுமலையில இறங்கிருவேன். தூங்கறதுன்னா தூங்குங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டேன். எனக்குத்தான் தூக்கம் போயி நாலு நாளாச்சு.

நான் சிற்பி. பேரு ராமபத்திரன். கல்லுல செதுக்கற சிற்பி இல்லைங்க, இரும்பு. பெரிசு பெரிசா பண்ணி ஓட்டல் வாசல்லயும் கம்பெனி வாசல்லயும் கொண்டுபோய் நிறுத்தறது. பொறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கோயமுத்தூருக்கு வந்து முப்பது வருஷமாச்சு. வயசு அறுபத்தி ரெண்டு. முட்டி ரெண்டும் போச்சு, காது ஒண்ணு பாதி போச்சு. கார் இருக்கு. ஓட்டறதுக்குத்தான் தெம்பு இல்லை. சலிச்சுப் போச்சுங்க. நிஜமா சொல்றேன், சலிச்சுப் போச்சு.

கிணத்துக்கடவுக்கு முன்னாடி ஒரு பம்ப் கம்பெனி வாசல்ல, புல்தரையில இருந்து ஒரு கை முளைச்சு நிக்கும், பார்த்ததில்லையா? உங்க ஜன்னல் பக்கம்தான் வரும், காட்டறேன். இருபத்தாறு அடி. நான் பண்ணினது. மணிக்கட்டுல இருந்து மேல. விரிச்ச கையா வெச்சிருக்கலாம், சுலபமான வேலை. ஆனா விரிச்ச கை கட்சிச் சின்னம் ஆயிரும், எலெக்ஷன் வந்தா துணி போட்டு மூடுவாங்க. அதனால டீ கிளாஸைப் பிடிச்ச மாதிரி பண்ணினேன். கிளாஸ் கிடையாது, பிடி மட்டும். கட்டை விரலும் மத்த மூணு விரலும் வளைஞ்சு பிடிச்சிருக்கும், சுட்டு விரல் மட்டும் ஒட்டாம மேல நிக்கும். அந்த நளினம் இருக்கே, அதுக்காகத்தான் அந்தக் கையே.

அதைப் பிடிச்ச கதையைச் சொல்றேன். கம்பெனியில உழைப்புன்னு தலைப்பு குடுத்துட்டாங்க. ஆறு மாசம் கை தேடினேன். பவுண்டரிக்குப் போனேன், மார்க்கெட்டுக்குப் போனேன், போட்டோவா எடுத்துத் தள்ளினேன். ஒண்ணும் சரிப்படலை. ஒருநாள் என் ஷெட்டுலயே, டீ வந்துது, திருமூர்த்தி கிளாஸைக் கையில எடுத்தான். சுட்டு விரலை மட்டும் தூக்கி வெச்சுக்கிட்டுக் குடிச்சான். அப்படியே நிறுத்தச் சொல்லிட்டேன். டீ ஆறிப் போச்சு, பாவம்.

திருமூர்த்தி என் வெல்டர். பத்தொன்பது வருஷம் என்கிட்ட. உடுமலைக்காரன். என் படத்தைப் பார்த்தான்னா அளவு கேக்க மாட்டான், நேரா கம்பியை வளைக்க ஆரம்பிச்சுருவான். நான் காகிதத்துல ஒரு கோடு போட்டா அதை நிக்க வெக்கறது அவன் பொறுப்பு. அப்படி ஒரு பொருத்தம் எங்களுக்கு. வீட்டுக்காரியோட நான் பேசினதைவிட அவனோட பேசினது அதிகம். பேசினதுன்னா, நான் பேசுவேன், அவன் கேப்பான்.

அந்தச் சுட்டு விரல் ஏன் ஒட்டாம நிக்குதுன்னு பின்னாடி கேட்டேன். சூடு பட்டா வெட்டுப்பட்ட இடத்துல இன்னும் சுரீர்னு இருக்குதுங்க சார்ன்னான். முதல் கணுவுக்கு மேல அவனுக்கு விரல் கிடையாது. அது நாலு வருஷம் முன்னாடி போனது. ஒரு ஓட்டலுக்குப் பதினாலடியில பறவை பண்ணிட்டிருந்தோம். இறக்கை இடுக்குல ஒரு தகடு வெட்டணும். கட்டிங் மெஷின்ல வீலுக்கு மேல காப்புக்கு ஒரு மூடி இருக்கும், அந்த மூடியோட மெஷின் உள்ள போகாது. நான் மூடியைக் கழட்டச் சொல்லலை. அதை மட்டும் தெளிவா சொல்லிடறேன். காலையில லாரி வந்துரும், எப்படியாவது முடிச்சாகணும் திருமூர்த்தின்னு மட்டும்தான் சொன்னேன். எப்படின்னு அவன்தான் முடிவு பண்ணினான். என் கார்லயே வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சீட்டுல கறை இன்னைக்கும் இருக்கு, நான் உறையை மாத்தவே இல்லை. அந்த மாதிரி ஆள் நான். பறவையும் நேரத்துக்குப் போயிருச்சு.

சரி, கைக்கு வருவோம். பல் டாக்டருங்க அச்சு எடுக்கற ரோஸ் கலர் பவுடர் இருக்குமில்ல, அதை வாளியில கரைச்சு அதுக்குள்ள அவன் கையை விட்டு அசையாம வெச்சுக்கச் சொன்னேன். இறுகினதும் கையை உருவிட்டு, அந்தப் பள்ளத்துல பிளாஸ்டர் ஊத்தினா, கை வந்துரும். ரேகை, தழும்பு, நகத்துக்கடியில போன கரி, எல்லாம் பிளாஸ்டர்ல இருக்கும். அடுத்தது அதை சென்டிமீட்டர் சென்டிமீட்டரா வில்லை போடணும். ஒவ்வொரு வில்லையையும் கட்டம் போட்ட காகிதத்துல வெச்சு ஓரம் வரைஞ்சுக்கணும். அதை முப்பது மடங்காக்கினா ஒரு வில்லை ஒரு அடி உயரத்துக்கு வரும். அந்தக் கணக்குல கம்பி வளையம் பண்ணி அடுக்கி, மேல தகடு தட்டிப் பத்த வெச்சா முடிஞ்சுது. கேக்க சுலபமா இருக்கு. நாலு மாசம்.

வில்லை போடறதுக்கு நேரா அறுக்கத் தெரிஞ்ச கை வேணும். எனக்குக் கை நடுங்குது. அவனையே அறுக்கச் சொன்னேன். ஆக்ஸா பிளேடை எடுத்துக்கிட்டு அவன் கையை அவனே ஒவ்வொரு வில்லையா அறுத்தான். ஒரு தடவைகூடக் கோணலை. என்னடா ஒரு மாதிரி சிரிக்கறேன்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்லீங்க சார், இது வலிக்க மாட்டீங்குதுன்னான். நல்ல தமாஷ் பேர்வழி.

இருபத்தி மூணு வில்லை வந்துது. சுட்டு விரல்ல மேல மூணு வில்லை குறையுது. குறைஞ்ச விரலைக் கொண்டுபோய் ஒரு கம்பெனி வாசல்ல வெக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. உழைப்புன்னு எழுதி ஊனக் கையை நட்டா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? கம்பெனிக்காரங்ககிட்டக் கேட்டேனான்னா, கேக்கலை. இதெல்லாம் கேக்கற விஷயமா? நான் என் விரலை வாளியில விட்டேன். இந்தா, இந்த மூணு வில்லைதான் அது. இருபத்தி மூணு அவனோடது, மூணு என்னோடது.

திருமூர்த்தி இதையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் சொன்னான்: "சார், அப்படின்னா அது என்ற கை இல்லீங்களே."

நான் விளக்கிச் சொன்னேன். இது உன் கையும் இல்லை, என் கையும் இல்லை திருமூர்த்தி, எல்லாருடைய கையும். கலையில வந்து நம்ம நம்ம சொந்தத்தை எல்லாம் பார்க்கக் கூடாது. அரை மணி நேரம் சொன்னேன். தலையாட்டினான். புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன்.

நாலு மாசத்துல கை எழுந்து நின்னுது. அப்படி ஒரு வேலை அவன் வாழ்க்கையிலயே பண்ணினதில்லை. ஒவ்வொரு விரலுக்குள்ளயும் தடுப்புத் தகடு, மழைத் தண்ணி வடிய ஓட்டை, எல்லாம் நான் சொல்லாமலே. ஆனா சுட்டு விரலை முதல் கணுவோட நிறுத்தி மேல உருண்டையா மூடி போட்டுட்டான். வேலை முடிஞ்சுதுங்க சார்ன்னு நிக்கறான். இன்னும் மூணடி இருக்கேன்னேன். "அதை மட்டும் வேற ஆளை வெச்சுப் பண்ணிக்குங்க."

பத்தொன்பது வருஷத்துல அவன் என்கிட்ட மாட்டேன்னு சொன்னது அந்த ஒரு தடவைதான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சோறு இறங்கலை. ஒரு வார்த்தை திட்டலை நான். நாள் நெருங்கிருச்சு, வேற ஒரு பட்டறையில குடுத்து ரெண்டே நாள்ல அந்த மூணடியைப் பண்ணி வாங்கினேன். அவன் போட்ட மூடியை வெட்டி எடுத்துட்டுப் பத்த வெக்கலாம்னா, எதுக்குங்க சார் வெட்டிக்கிட்டு, உறை மாதிரி மேல மாட்டி எட்டு போல்ட் போட்டுருங்க, உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போகுதுன்னு திருமூர்த்திதான் சொன்னான். நல்ல யோசனைதான். சரின்னுட்டேன்.

கொண்டுபோய் நிறுத்தறது இருக்கே, அதுதான் உசுரை எடுக்கற வேலை. பண்றதுகூட நம்ம ஷெட்டு, நம்ம நேரம். நிறுத்தற அன்னைக்குத்தான் ஊர்ல இருக்கற அத்தனை பேரும் வேணும். டிரெய்லர்ல கையை மல்லாக்கப் படுக்க வெச்சு விடிகாலையில கிளம்பினோம். வழியெல்லாம் ஜனம் வண்டியை நிறுத்திக் கும்பிடுது, ஏதோ சாமின்னு நினைச்சு. ஒரு இடத்துல கரண்ட் கம்பி தாழ்வா இருக்குது, லைன்மேன் வர ரெண்டு மணி நேரம். சைட்டுக்குப் போனா கான்கிரீட்ல புதைச்சிருந்த பன்னிரண்டு போல்ட்ல ஒண்ணு சாஞ்சு நிக்குது. கிரேன்காரன் எலுமிச்சம்பழம் வெச்சாத்தான் தூக்குவேங்கறான், பழம் வாங்கப் போன ஆளைக் காணோம். நான் போய் ஒரு மரத்தடியில உக்காந்துட்டேன்.

எல்லாத்தையும் அவன்தான் பார்த்தான். சாஞ்ச போல்ட்டைச் சூடு காட்டி நிமித்தினான். கயிறு எங்க கட்டணும், எந்தப் பக்கம் யார் நிக்கணும், எல்லாம். அவன் கையைக் காட்டக் காட்ட கிரேன் அந்தக் கையைத் தூக்குது. பன்னிரண்டு போல்ட்டும் ஒரே தடவையில இறங்கி உக்காந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, பொய் சொல்லலை. கடைசியா அந்த மூணடி உறையை மாட்டணும். அப்ப மட்டும் அவன் கிரேன் கூண்டுல ஏறலை. பட்டறைக்காரன்தான் ஏறி எட்டு போல்ட்டையும் முடுக்கினான். திருமூர்த்தி கீழ நின்னு பீடி பத்த வெச்சான். அவன் பீடி குடிச்சு நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

திறப்பு விழாவுல கம்பெனிப் பெரியவர் வந்தார், எண்பது வயசு. பவுண்டரியில உருக்கின இரும்பு ஊத்தற கரண்டி பிடிச்சு மேல வந்த மனுஷன். அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம், "எங்க பட்டறையில இவ்வளவு முழுசா ஒரு கையை நான் பார்த்ததே இல்லீங்களே"ன்னார். எனக்கு ரொம்ப சந்தோஷம். பாராட்டு வாங்கறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும். திரும்பித் திருமூர்த்தியைப் பார்த்தேன், அவன் கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கறான்.

அவன் வீட்டுக்காரி கோகிலாவும் வந்திருந்துது. கல்வெட்டைப் படிச்சுட்டு நேரா என்கிட்டயே வந்துருச்சு. "ஏனுங்க சார், இதுல இவரு பேரு எங்கீங்க?"

கல்வெட்டுல சிற்பி பேர்தான் போடுவாங்க, உலக வழக்கம் அது. ஆனா கோவிச்சுக்காம பதமாத்தான் சொன்னேன். "அது யார் கைன்னு அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதாம்மா?" அவன் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

மறுநாள் ஷெட்டுக்கு வரலை. சாவி ஆணியில தொங்குது. அவன் ஆக்ஸா பிளேடு, கண்ணாடி, கையுறை ஒண்ணும் இல்லை. சொல்லிக்கக்கூட இல்லைங்க. பத்தொன்பது வருஷம். உடுமலையில கேட் பண்ற பட்டறை வெச்சிருக்கானாம். அந்தக் கையை வெச்சுக்கிட்டு கேட்!

இருங்க, இருங்க, வருது. உங்க பக்கம். அந்த நீல போர்டுக்கு அப்புறம். தெரியுதா? பார்த்தீங்களா? நான் பார்க்கலை, நீங்க பாருங்க. நான் முகத்தைத் திருப்பிக்கறேன். போயிருச்சா?

யார் கைன்னு கேக்கறீங்களா? எல்லாரும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க. பத்திரிகைக்காரங்ககூட. உழைக்கிறவனோட கைன்னு சொல்வேன். நல்லா எழுதிக்குவாங்க.

இப்பக் காத்து இல்லை, அதனால சும்மா நிக்குது. ரெண்டு மணிக்கு மேல வந்திருந்தா கேட்டிருப்பீங்க. மாசியில நிறுத்தினது, ஆனி வரைக்கும் ஒரு குறை கிடையாது. ஆனி பிறந்து பாலக்காட்டுக் காத்து இறங்கிச்சு பாருங்க, அந்த விரல் ஊளையிட ஆரம்பிச்சுது. காலி பாட்டில் வாயில ஊதினா வருமில்ல, அதே சத்தம், ஊருக்கே கேக்கற மாதிரி. மத்த நாலு விரலும் கம்முனு இருக்கு. என் விரல் மட்டும். அந்த ரெண்டு நாள் பட்டறைக்காரன் உள்ள தடுப்பே வெக்கலை, ஓட்டையை வேற காத்துக்கு எதிர்ல போட்டுட்டான். ஷிப்ட்டுக்கு வர்ற ஆளுங்க கை அழுவுதுங்கறாங்க. பக்கத்துக் காலனியில குழந்தைங்க வீறிட்டு எழுந்துக்குதாம். ரெண்டு ஆளை ஏத்திப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் அடைச்சான் ஒருத்தன், காத்து பிடுங்கிப் போட்டுருச்சு. ஓட்டையைப் பாதி அடைச்சான் இன்னொருத்தன், சத்தம் இன்னும் கீச்சுனு ஆச்சு.

கம்பெனியில இருந்து கடிதாசி வந்துருச்சு. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும், இல்லேன்னா கையையே இறக்கிருவாங்களாம். இன்னைக்குப் புதன். இறக்கினா எங்க வெப்பாங்க? வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவாங்க. எனக்கு இதுக்கப்புறம் இன்னொண்ணு பண்ண உடம்பு இல்லை. இதுதான் கடைசி. இது நின்னாத்தான் நான் ஏதோ பண்ணினேன்னு இருக்கும்.

உள்ளுக்குள்ள ரெண்டு தகடு வெச்சு, ஓட்டையை மாத்தினா சரியாயிரும். ஆனா அவன் போட்ட மூடிக்கும் உறைக்கும் நடுவுல எவ்வளவு சந்துன்னு அவனுக்குத்தான் தெரியும். மூணு தடவை போன் பண்ணினேன். எடுக்காம இல்லை, எடுத்தான். சாப்டீங்களா சார், முட்டி வலி எப்படி இருக்குதுன்னு எல்லாம் விசாரிக்கறான். வேலையைச் சொன்னா, "அதுக்கு எதுக்குங்க சார் தகடு? எட்டு போல்ட்டுங்க. இருபத்தி நாலாம் நம்பர் ஸ்பேனர் போட்டுக் கழட்டி உறையைத் தூக்கிருங்க, சத்தம் நின்னுரும்"ங்கறான்.

தூக்கினா அசிங்கமா மொண்ணையா நிக்குமேடான்னேன்.

"இல்லீங்க சார். உள்ள வேலை முடிஞ்சுதானுங்க இருக்குது. பெயிண்ட்டும் அடிச்சுத்தான் வெச்சிருக்கறேன். தையல் போட்ட தழும்புகூட இருக்குதுங்க."

அழுத்தத்தைப் பாருங்க. யாருக்குமே தெரியாத இடத்துல தழும்பு வெச்சிருக்கான். என் ஷெட்டுல, என் கண் முன்னாடி.

மூணாவது தடவை, ஞாயித்துக்கிழமை, பேசும்போது எனக்கு வாய் தவறிருச்சு. "திருமூர்த்தி, அந்த மூணடியைக் கழட்டிட்டா அதுல என்னோடதுன்னு என்னடா இருக்கு? மீதி எல்லாம் நீதானேடா"ன்னுட்டேன். அப்படிச் சொல்லணும்னு நினைக்கலை. வடிவம் யாருது, யோசனை யாருது, எல்லாம் நான்தான். ஆனா அந்த நிமிஷம் அப்படித்தான் வந்துது.

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடிட்டிருந்துது, நிறுத்தினான். அப்புறம் மெதுவா சொன்னான்: "உங்க விரல் அங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதாதுங்களா சார்?"

அதான் நேர்ல போறேன். இந்த வில்லைகளைக் காட்டி, அளவைக் காட்டி, கையைப் பிடிச்சுக் கெஞ்சியாவது கூட்டிட்டு வரணும். கேக்கலைன்னா என்ன பண்ணுவேன்னு தெரியலை. ஸ்பேனரும் வாங்கி வெச்சிருக்கேன், பையில அடியில கிடக்கு. ஏன் வாங்கினேன்னு கேக்காதீங்க.

கண்டக்டர் உடுமலைங்கறார். கொஞ்சம் காலை நகத்திக்குங்க, எழுந்துக்கறேன். அந்தப் பையைப் பிடிங்க. கனமாத்தான் இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன் அதைக் கிண்டலா சொல்லலைங்க, மரியாதையாத்தான் சொன்னான். ஆனா அந்த வார்த்தையை அதுக்கு முன்னாடி நான் எங்கயோ கேட்டிருக்கேன். தெரியும், தெரியும், அது போதாதான்னு. யார் சொன்னாங்க, யாருக்குச் சொன்னாங்கன்னு நாலு நாளா மண்டையைக் குடையுது, கண்ணை மூட முடியலை. ஞாபகமே வர மாட்டேங்குது. உங்களுக்கு எங்கயாவது கேட்ட மாதிரி இருக்குங்களா?

என்ன, அப்படிப் பார்க்கறீங்க?